எழுபது இருக்கைகளின் கணக்கு

மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடியில் 1344-இல் யூதர்கள் ஓர் ஆலயம் கட்டினார்கள். கட்டடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் அருகிலுள்ள பரதேசி யூத ஆலயத்தின் சுவரில் பதித்து வைக்கப்பட்டிருக்கிறது. 1341-இல் பெரியாறு பெருக்கெடுத்து கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து போனதும், கொச்சியின் முகத்துவாரம் ஆழமானதும்தான் அவர்கள் இங்கே வரக் காரணம் என்று சொல்வார்கள். கப்பல் எங்கே ஒதுங்குகிறதோ அங்கேதான் கடையும் வழிபாடும் பிழைப்பும். வழி அடைபட்டால் ஓர் ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கல் சாட்சி.

இந்தக் கரையை நம்பி இன்றும் ஒரு கூட்டம் வாழ்கிறது. மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலைத் தாண்டி, வில்லிங்டன் தீவிலிருந்து லட்சத்தீவுக் கப்பல்கள் கிளம்புகின்றன. தீவுக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் கொச்சிதான். கப்பலில் வந்தால் ஓரிரவு கடலில் கழியும். அகத்தித் தீவிலிருந்து விமானத்தில் வந்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நோயாளிக்கும் கூட வருபவருக்கும் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அகத்தியில் எல்லா விமானமும் இறங்கிவிட முடியாது. கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியின் ஓடுபாதை 3,400 மீட்டர். அகத்தியில் இருப்பது சுமார் 1,200 மீட்டர், இரு முனையிலும் கடல். ஏர்பஸ் 320-க்கு அங்கே வேலையே இல்லை. 70, 80 பேரை ஏற்றும் எம்பரேர் போன்ற சிறிய ஜெட்டுக்கும் முழுச் சுமையோடு எழும்ப அந்த நீளம் போதாது. மிஞ்சுவது ஏடிஆர்: ஆறு இதழ் கொண்ட இரண்டு புரொப்பெல்லர், பக்கத்துக்கு இரண்டு இருக்கை, பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. அதுவும் அகத்தியிலிருந்து எல்லா இருக்கையையும் நிரப்பிக்கொண்டு கிளம்ப முடிவதில்லை.

இங்கேதான் விமானக் கம்பெனிகளின் கணக்கு குறுக்கே வருகிறது. சிறிய விமானம் ஒருமுறை பறந்து வர ஆகும் மொத்தச் செலவு குறைவு. ஆனால் அதைத் தலைக்கு வகுத்தால் பெரிய விமானத்தைவிடக் கூடுதலாக நிற்கும். எழுபது பேருக்கும் இரண்டு விமானிகள், நூற்றெண்பது பேருக்கும் இரண்டு விமானிகள். மும்பை, டெல்லி போன்ற நெரிசலான நிலையங்களில் இறங்கக் கிடைக்கும் நேரத்தைச் சிறிய விமானத்துக்குக் கொடுக்க எவருக்கும் மனம் வராது. ஒரே ரக விமானங்களை வைத்திருந்தால் பயிற்சியும் உதிரிபாகமும் எளிது. இரண்டாவது ரகம் வந்த அன்றே இரண்டாவது பணிமனையும் வந்துவிடும். எதிர்த்தட்டிலும் நியாயம் இருக்கிறது. பெரிய விமானம் ஒருமுறை போகும் ஊருக்குச் சிறியது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போகலாம். போன வேலையை முடித்து அன்றே திரும்பலாம். சின்ன ஊர்ப் பயணிகளைத் திரட்டிப் பெரிய நிலையத்தில் சேர்க்கலாம். புதிய ஊரில் கூட்டம் உண்டா என்று நஷ்டத்துக்கு அதிகம் அஞ்சாமல் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் சிறிய விமானத்தை நம்பி இறங்கியவர் ஜவுளித் தொழிலிலிருந்து வந்த எம். தியாகராஜன். அவருடைய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005 அக்டோபரில் எம்பரேர் ஜெட்களோடு தொடங்கி மதுரை, கோவை, சென்னை, கொச்சி என்று தெற்கைக் கோத்தது. அரசு விதிகளும் துணை நின்றன. 40,000 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்களுக்கு எரிபொருள் விற்பனை வரி 4 சதவீதம். மற்றவற்றுக்கு அன்று பல மாநிலங்களில் 20 சதவீதத்துக்கும் மேல். 80-க்குக் குறைந்த இருக்கை என்றால் தரையிறங்கும் கட்டணமும் கிடையாது. இத்தனை இருந்தும் 2010-இல் விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களோடு ஏற்பட்ட தகராறில் அது நின்றுபோனது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013-இல் அதே எம்பரேர்களோடு வந்து 2017-இல் அதே குத்தகைப் பாக்கியில் முடிந்தது. ஜெட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விரல்விட்டு எண்ணும் விமானங்களை வைத்திருப்பவர், டிக்கெட்டை ரூபாயில் விற்று வாடகையை டாலரில் கட்டும்போது, இரண்டு மோசமான மாதங்களைக்கூடத் தாங்க முடிவதில்லை. பெங்களூரின் ஸ்டார் ஏர் இப்போது 76 இருக்கை எம்பரேரோடு அதே வழியில் நடக்கிறது. அது நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தாங்கும் சக்தி உள்ளவர்களோ வேறு பக்கம் பார்க்கிறார்கள். 2022-இல் டாடாவிடம் ஏர் இந்தியா போனபோது, ஏடிஆர்களை ஓட்டிய அலையன்ஸ் ஏர் அந்த விற்பனையில் சேரவில்லை, அரசிடமே தங்கியது. அடுத்த ஆண்டு ஏர் இந்தியா ஏர்பஸ், போயிங் இரண்டிடமும் சேர்த்து 470 விமானங்கள் கேட்டது. அதில் இப்படிப்பட்ட சிறிய விமானம் ஒன்றுகூட இல்லை. இண்டிகோ மட்டும் 2017 முதல் ஏடிஆர் ஓட்டுகிறது; சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போவதும் அதுதான்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் உடான் திட்டம் வந்தது. பெரிய நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்களிடம் வரி வசூலித்து, சிறு ஊர் வழித்தடங்களின் நஷ்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஈடுகட்டும் ஏற்பாடு. நோக்கம் நல்லது, காலக்கெடுதான் கோளாறு. தணிக்கைத் துறையின் 2023 அறிக்கையின்படி, முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்றாண்டை முடித்தவை 112. அதற்கு அப்பாலும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. சேலத்துக்கு 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, 2021-இல் நின்றது. அலையன்ஸ் ஏர் பெங்களூரு–சேலம்–கொச்சி விமானத்தைத் தொடங்கிய 2023 அக்டோபர் வரை அந்த நிலையம் பயணிகள் விமானமின்றிக் கிடந்தது.

சேலத்துக்காவது ரயில் இருக்கிறது, நெடுஞ்சாலை இருக்கிறது. அகத்திக்கு என்ன இருக்கிறது? இரண்டையும் ஒரே தராசில் வைத்து மூன்றாண்டில் சொந்தக் காலில் நில் என்று சொல்வது அநியாயம். ஒரு தீவின் மக்கள்தொகை மானியத்தின் தேதி பார்த்துப் பெருகாது. ஓடுபாதையும் தானே நீளாது. அமெரிக்கா 1978-இல் விமானத் துறையைச் சந்தையிடம் விட்டபோதே சிறு ஊர்களுக்கென்று ஒரு மானியத் திட்டத்தை வைத்தது. பத்தாண்டுக்கு என்று தொடங்கியது, பிறகு நிரந்தரமாக்கினார்கள். இன்றும் நடக்கிறது.

2025 பட்ஜெட்டில் உடானைத் திருத்தி, பத்தாண்டில் 120 புதிய இடங்களை இணைப்போம் என்று அறிவித்தார்கள். புதிய இடங்களின் பட்டியலுக்கு முன்னால், மாற்று வழியில்லாத பழைய இடங்களைத் தனியே பிரித்துவிட வேண்டும். அவற்றுக்கு மூன்றாண்டுக் கெடு கூடாது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும்போது அது லாபம் தருமா என்று எவரும் கேட்பதில்லை. ஒப்பந்தம் பத்தாண்டுக்காவது இருக்கட்டும். அதில் ரத்தாகும் விமானங்களுக்கு அபராதம் இருக்கட்டும். படுக்கையில் கொண்டுவர வேண்டிய நோயாளிக்கு இடம் ஒதுக்கும் விதி இருக்கட்டும். முக்கியமாக, ஓடுகிற விமானம் பழுதானால் எடுத்து ஓட்ட இன்னொரு ஏடிஆர் கொச்சியில் நிற்க வேண்டும். சும்மா நிற்கும் விமானத்துக்கு வாடகை எதற்கு என்று கம்பெனி கேட்கும். கேட்பது அதன் தொழில். அந்த வாடகையை அரசு கட்ட வேண்டும்.