பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால் என்ன?

ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் ஏரியா ஸ்டேஷனரி கடைக்குப் போய்ப் பாருங்கள். ஆபீஸ் பையைக்கூட இறக்காமல் ஒரு அப்பா நின்றுகொண்டிருப்பார். “சார்ட் ரெண்டு, கலர் பேப்பர் ஒரு செட்டு, ஐஸ்க்ரீம் குச்சி ஒரு பாக்கெட்டு, ஃபெவிகால்...” என்று செல்போனைப் பார்த்துப் பட்டியல் வாசிப்பார். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் நாளைக்குக் காலையில் ‘குடிசை வீடு’ செய்து கொண்டுபோக வேண்டும். மகள் எங்கே? வீட்டில் தூங்கியாச்சு!

பதினொரு மணிக்குக் குடிசை ரெடி. அம்மா வெட்ட, அப்பா ஒட்ட, அடியில் முத்து முத்தாக மகளின் பெயர். பள்ளிக்கூடத்தில் ‘குட்’ போட்டு, கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்கு ஒரு சின்னக் கேள்வி. அந்த ‘குட்’ யாருக்கு?

கணக்கு வீட்டுப்பாடத்தை அப்பா எழுதிக் கொடுத்தால் அதற்குப் பெயர் ஏமாற்று வேலை. நமக்கே கூசும். கைவேலையில் அதையே செய்தால் மட்டும் ‘ஹெல்ப்’ என்கிறோம். ஏன் இந்த இரட்டைக் கணக்கு? படம் வரைவதையும் களிமண் பிசைவதையும் நாம் மனசுக்குள் படிப்பாகச் சேர்ப்பதில்லை. அது அலங்காரம். அலங்காரம் என்றால் பார்க்க அழகாக இருந்தால் போதாதா, யார் செய்தால் என்ன?

குழந்தைக்கு அது அலங்காரமே இல்லை என்பதுதான் விஷயம். குழந்தைகள் வரைந்த படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மூன்று, நான்கு வயதில் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்தே இரண்டு காலை இறக்கிவிடும். உடம்பே கிடையாது. அதுதான் அம்மா! கொஞ்சம் வளர்ந்ததும், வீட்டைவிடப் பெரிய பாட்டி வருவாள். சுவரைத் தாண்டி உள்ளே அடுப்பும் கட்டிலும் தெரியும். “பாட்டி இந்த வாசல்ல எப்படிடா நுழைவாங்க?” என்று நாம் ரப்பரை எடுக்கிறோம். தனக்குத் தெரிந்ததை, தனக்கு முக்கியமானதைப் பெரிதாக வரைந்திருக்கிறது அந்தக் குழந்தை. நாம் அழிப்பது கோட்டை மட்டும்தானா?

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தைகளின் ஓவியம் எப்படி வளர்கிறது என்று 1947-ல் ஒரு புத்தகம் எழுதினார். அச்சடித்த படத்துக்குள் கலர் அடிக்கச் சொல்லும் புத்தகங்களை அவர் கடுமையாக எதிர்த்தவர். அச்சடித்த பறவைக்குப் பழகிய பிள்ளைக்குத் தன் சொந்தப் பறவை மேல் நம்பிக்கை போய்விடும் என்பது அவர் வாதம். “எனக்கு வரையத் தெரியாது” என்று ஒரு குழந்தை சொன்னால், நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யாரோ அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ராத்திரிக் குடிசை இன்னும் ஒரு பாடமும் நடத்துகிறது. அடுத்தவர் உழைப்பின் அடியில் நம் பெயரை எழுதிக்கொள்ளலாம், ஊர் கைதட்டும். ஏழு வயதில், அப்பா அம்மா கையாலேயே இதைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, பத்து வருஷம் கழித்து ‘காப்பியடிக்காதே’ என்று எந்த வாயால் சொல்வது?

“அப்போ எதையுமே சொல்லித்தரக் கூடாதா சார்? விஜயதசமி அன்னிக்கு அரிசியில கையைப் பிடிச்சு எழுத வைக்கிறோமே?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அங்கே யாரும், ‘இது குழந்தை தானே எழுதியது’ என்று பொய் சொல்வதில்லை. மார்கழியில் வாசல் ஓரத்தில் மகளும் சின்னதாக ஒரு கோலம் போடுவாள். அம்மா புள்ளி வைக்கக் கற்றுத்தருவாள். இழை கோணிப்போனால், அதை அழித்துவிட்டுத் தானே போட்டுவிடுவதில்லை.

கருவியையும் பொருளையும் பழக்கித்தருவது பெரியவர்கள் வேலை. களிமண்ணில் உருட்டிய தலையைச் சும்மா உடம்பில் ஒட்டிவைத்தால், காய்ந்ததும் கழன்று விழும். இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, நீர்க்கக் குழைத்த மண்ணைத் தடவி அழுத்தினால் நிற்கும். இதைச் சொல்லித்தராமல், ‘சுதந்திரமா செய்யட்டும்’ என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வது சோம்பேறித்தனம். ஆனால், அந்தத் தலை யானைத் தலையா, அதற்குத் தும்பிக்கை ஒன்றா இரண்டா என்பதைக் குழந்தை முடிவு பண்ணட்டும்.

பள்ளிக்கூடங்களை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக்கு ஒரு பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரைக்கு அப்படி ஒரு வரி கிடையாது. தமிழும் கணக்கும் நடத்துகிற அதே டீச்சர்தான் களிமண்ணையும் சமாளிக்க வேண்டும். ஆண்டு விழாவுக்குச் சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றால், பாவம், அவரும் ஒரே அச்சில் முப்பது ஆப்பிளை வரைந்து, கலர் மட்டும் அடிக்கச் சொல்கிறார். அந்தச் சுவரைப் பார்த்து, ‘என்ன நீட்டா இருக்கு!’ என்று பாராட்டியது நாம்தானே?

பெரிய செலவும் தேவையில்லை. 2007 வாக்கில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தபோது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை வைத்தார்கள். ஆளுக்கு ஓர் இடம், ஒரு சாக்பீஸ். பாடமுறை பிறகு மாறியது. ஆனால், ‘இந்த இடம் உன்னுது’ என்று ஒரு சுவர் குழந்தையிடம் சொன்னது பெரிய விஷயம்.

ஒரு நிஜமான சிக்கல் பாக்கி இருக்கிறது. “எல்லா அப்பாவும் செஞ்சு தர்றப்போ, என் பொண்ணு மட்டும் கோணல் குடிசையோட போய் அவமானப்படணுமா?” இந்த நேர்மைக்கு விலை கொடுப்பது நீங்கள் இல்லை, உங்கள் மகள். அதனால் அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நாலு பேரிடம் பேசுங்கள். ‘கைவேலையை வகுப்பிலேயே செய்ய வையுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை’ என்று டீச்சரிடம் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். அவருக்கும் நிம்மதியாக இருக்கும்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று கேலி பேசுவோம். ஏழு வயதுக் கை தானே பிடித்த குரங்கு, அப்பா பிடித்துக் கொடுத்த பிள்ளையாரைவிட உசத்தி. அடுத்த தடவை அப்படி ஒன்றை உங்கள் முன்னால் நீட்டினால், “இது என்னது?” என்று கேட்டுவிடாதீர்கள். “இதைப் பத்திச் சொல்லேன்” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.

குரங்குக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கும். கேட்க உங்களுக்குத்தான் நேரம் வேண்டும்.