இரண்டு பேரீச்சம்பழங்கள்

அரபு மெய்யியலில் ‘மும்கின்’ என்ற சொல், இருக்கவும் கூடும், இல்லாமற்போகவும் கூடும் என்ற நிலையிலுள்ள பொருளைக் குறிக்கும். புகாராவுக்கு அருகில் பிறந்த இப்னு சீனா (980–1037), இறைவன் உண்டென்பதை நிறுவ உலகின் அழகையோ ஒழுங்கையோ துணைக்கு அழைக்காமல், இந்தக் கருத்திலிருந்தே தொடங்கினார். எரியும் விளக்கு எண்ணெயையும் திரியையும் காற்றையும் சார்ந்திருக்கிறது. அவையும் வேறு சிலவற்றைச் சார்ந்திருக்கின்றன. இவ்வாறு சார்ந்திருப்பவற்றை முடிவின்றி அடுக்கிச் சென்றாலும், அடுக்கு முழுவதும் சார்ந்திருப்பதாகவே எஞ்சுமாதலால், அதற்கு வெளியே தன்னாலேயே இருக்கும் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதனை அவர் ‘வாஜிபுல் உஜூத்’ என்றார். தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் வாஜிப் என்பது செய்தே ஆக வேண்டிய மார்க்கக் கடமை. இங்கோ அது இல்லாதிருக்க இயலாத உள்பொருளைச் சுட்டுகிறது.

உலகம் என்றோ ஒருநாள் தொடங்கியாக வேண்டும் என்ற தேவை இவ்வாதத்துக்கு இல்லை. ‘கலாம்’ எனப்படும் இறையியல் வாதக்கலையினருக்கு உறுத்தியது இதுவே. தோன்றிய எதற்கும் தோற்றுவித்தவன் உண்டு, உலகம் தோன்றியது என்பதே அவர்கள் பற்றிய வழி. அவர்கள் சார்பில் இமாம் கஸ்ஸாலி (1058–1111), 1095இல் முடித்த ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ நூலில், தொடக்கமற்ற உலகம் என்ற கொள்கையைக் கணக்கைக் கொண்டே மடக்கினார். சூரியன் ஓராண்டிலும் சனி முப்பது ஆண்டிலும் ஒரு சுற்று முடிக்குமானால், தொடக்கமே இல்லாத காலத்தில் இரண்டின் சுற்றுகளும் எண்ணிறந்தவையாக, ஒன்று மற்றதன் முப்பதிலொரு பங்காக எப்படி இருக்கும் என்று கேட்டார்.

உலகம் ஏன் அந்தக் கணத்தில் தோன்றியது, வேறொரு கணத்தில் ஏன் தோன்றவில்லை என்ற எதிர்க்கேள்விக்கு அவர் பேரீச்சம்பழத்தைக் காட்டினார். எல்லா வகையிலும் ஒத்த இரண்டு பழங்கள் முன்னே இருக்க, ஒன்றை மட்டுமே எடுக்க இயலும் என்ற நிலையில், ஆவலோடிருப்பவன் காரணம் தேடிக் கைகட்டி நிற்பதில்லை, ஒன்றை எடுத்துவிடுகிறான். ஒத்தவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுப்பதே ‘இராதா’, அதாவது நாட்டம், என்பதன் இயல்பு. இறைவனைப் பற்றிய விடை என்பதைவிட, மனிதன் அன்றாடம் வாழும் முறையைப் பற்றிய கூர்மையான அவதானிப்பாகவே இது நிற்கிறது.

இரு வாதங்களுள் வாழ்வுக்கு நெருக்கமானது இப்னு சீனாவுடையதே எனலாம். கலாம் வாதம் என்றோ நிகழ்ந்த தொடக்கத்தைப் பேசுகிறது. மற்றதோ இந்தக் கணத்தில் மூச்சு விடுபவனின் இருப்பும் அவனுக்குச் சொந்தமன்று என்கிறது. ஆயினும் இவ்வகை நிறுவல்களின் வரம்பைத் தம் வாழ்விலேயே கண்டவர் கஸ்ஸாலி. புலன்களையும் அறிவின் அடிப்படை உண்மைகளையும் சேர்த்தே ஐயுற்றுச் சுமார் இரண்டு மாதங்கள் தவித்ததை ‘அல்முன்கித்’ நூலில் அவர் விவரிக்கிறார். எந்த நிறுவலையும் அந்த உண்மைகளைக் கொண்டே கட்ட வேண்டியிருந்ததால் நிறுவல் அந்நோய்க்கு மருந்தாகவில்லை என்றும், இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியாலேயே அது தீர்ந்தது என்றும் எழுதுகிறார். நிறுவலும் ஒரு மும்கின்தான் போலும்.

‘தஹாஃபுத்’ நூலை முடித்த அதே 1095இல், பக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பாடம் நடத்த வாயெடுத்தபோது அவருக்குப் பேச்சு எழவில்லை. பதவியைத் துறந்து திமிஷ்கை (டமாஸ்கஸ்) நோக்கிப் புறப்பட்டார். 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் பாடம் நடத்தினார்.