சாவியைத் திருகும் முன்

ஆவணி முடியப் போகிறது. சிவகாசிப் பக்கம் தீபாவளிச் சரக்கு வேலை மும்முரம். மானாவாரிக் கரிசலில் மழைக்கு முன் ஒரு வேலையும் இல்லை. டாஃபேயின் பழைய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர், கோடை உழவு முடிந்து வேப்பமரத்தடியில் விட்டது விட்டபடி நிற்கிறது. இந்தப் பக்கம் ஓடித் தேய்ந்த வண்டியைவிட நின்று கெட்ட வண்டிதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

*

செல்ஃப் போட்டால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. "பேட்டரி நல்லாத்தானே இருக்கு, செல்ஃப் மோட்டார்தான் போச்சு" என்று பக்கத்தில் நிற்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஹெட்லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும். டீசல் எஞ்சினைச் சுற்ற செல்ஃபுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். 300 ஆம்பியர் ஓடும் வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே சூடாகிப் போய்விடும். மொத்தமே 12 வோல்ட்.

தடை பெரும்பாலும் எர்த்தில், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் வண்டியின் இரும்பில் சேரும் இடத்தில் இருக்கும். கேபிள் முறுக்கிய போல்ட்டைக் கழற்றினால் உள்ளே துரு, பழைய பெயிண்ட், கரிசல் தூசி எண்ணெயில் ஊறிய பிசுக்கு. உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்க்கிறேன். அவசரமில்லை. பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடி வெந்நீர் ஊற்றித் துலக்கினால் போய்விடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் விடும். ஒரு பொறி என்ன செய்யும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

*

டீசலுக்குப் பொறியே வேண்டாம் என்பது எனக்கு இன்னும் வியப்புதான். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்த தீப்பெட்டியில் நெருப்பு உரசிப் பிறக்கிறது. இந்த வண்டியின் சிம்சன் டீசல் எஞ்சினில் அமுங்கிப் பிறக்கிறது. காற்று பதினாறு மடங்குக்கு மேல் சுருங்கும்போது டீசலைப் பற்றவைக்கும் சூடு அதற்கே வந்துவிடும். ஆனால் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவர் குடித்துவிடும். அந்த 3 வோல்ட்டின் அருமை அப்போது தெரியும்.

*

மூன்று சிலிண்டர் எஞ்சின் அணைந்தால் நினைத்த இடத்தில் நிற்காது. ஏதோ ஒரு பிஸ்டன் காற்றை அமுக்க மாட்டாமல் தோற்கும் இடத்தில்தான் நிற்கும். அதனால் செல்ஃபின் பல் வந்து கோக்கும் ஃப்ளைவீல் ரிங் கியரில் மூன்றே இடத்தில் பல் தேய்கிறது; மற்ற பல்லெல்லாம் புதுசு மாதிரி. ஒருநாள் செல்ஃப் 'கர்ர்' என்று வெறுமனே சுற்றுவதும், மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி எடுப்பதும் இதனால்தான். சரிசெய்ய வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ரிங்கைச் சூடுகாட்டிக் கழற்றி, மறுபக்கம் பல்முனையைச் சரித்து, திருப்பிப் போடுவார்கள். புது ரிங் வாங்குவதைவிட எனக்கு இது பிடிக்கும்.

*

ஒன்று மட்டும் பிடிக்காது. கீழே நின்றபடி ஸ்பேனரால் செல்ஃப் முனைகளைக் குறுக்கே தட்டி வண்டி எடுப்பது. நியூட்ரலில் இல்லாமல் செல்ஃப் எடுக்காதபடி வைத்த ஸ்விட்ச்சை அந்த ஸ்பேனர் தாண்டிவிடுகிறது. கியரில் கிடந்தால் பின்சக்கரம் தட்டியவர் மேலேயே ஏறும். தயவுசெய்து சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகுங்கள். எடுக்கவில்லையா, இறங்கி எர்த்தைத் தேயுங்கள்.