கிணறு ஒருவனது, நீர் எவரது?

'என் காணியில் நான் வெட்டிய கிணறு. எவ்வளவு இறைப்பது என்பது என் விருப்பம்.' யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வாதத்தை எதிர்த்துரைப்பவர் அரியர். பாறையைப் பிளந்து கிணறு தோண்டுதல் எளிய காரியமன்று. உழைப்பைப் போற்றும் நாம் அவ்வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிடவும் இயலாது. எனினும், அவ்வுழைப்பு ஆக்கியது கிணற்றையேயன்றி அதில் ஊறும் நீரையன்று.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் இது. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் வடகீழ்ப் பருவமழையே இதன் நீருக்குப் பெரிதும் மூலம். மண்ணினூடே இறங்கும் அம்மழைநீர், மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லை நெடுங்காலமாகக் கரைத்துத் தானே உண்டாக்கிய வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. புத்தூர் நிலாவரையும் கீரிமலை ஊற்றும் அக்கரைதலின் விளைவுகளே. அடியில் கடல்நீர், அதனினும் அடர்த்தி குறைந்த நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானம் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், நாளடைவில் உவர்நீர் ஏறக்குறைய 40 அடி மேலேறும் என்பதும் அக்கணக்கிலேயே அடங்கும். வேலியும் எல்லைக்கல்லும் இப்பாறை அறியாதவை. ஒருவன் மிகையாக இறைத்தால் அயலவன் வாளியில் உப்புக் கரிக்கும்.

துலா மிதித்து இறைத்த நாட்களில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றபோது இறைப்பும் பெருகிற்று, இரசாயனப் பசளையும் பெருகிற்று. பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் கசியும் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைப் பல கிணறுகளில் கடந்துள்ளது. புட்டிப்பாலை அந்நீரில் கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்க நேரிடும்.

இதற்காகக் கமக்காரனைக் கூண்டிலேற்ற நாம் முனையவில்லை. அவன் மட்டும் இயந்திரத்தை நிறுத்தினால் நீர் மிஞ்சுமா? அயலவன் இறைப்பான், கடன் கொடுத்தவனோ வாசலில் வந்து நிற்பான். தனிமனித நல்லொழுக்கத்தைப் போதிப்போர் இவ்விடத்தில் மௌனமாகிவிடுவது வழக்கம். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், நிறுவனமொன்று 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே சுட்டிக்காட்ட ஒரு பிரதிவாதி இருந்தார். ஆயிரமாயிரம் இயந்திரங்கள் சேர்ந்து செய்யும் தீங்குக்கு எவருக்கு அழைப்பாணை அனுப்புவது? எவ்வளவு இறைப்பது, எவ்வளவு பசளை இடுவது என்பவற்றை அந்நீரை அருந்துவோர் அனைவரும் கூடித் தீர்மானிப்பதைத் தவிர வேறு வழியை நாம் காணவில்லை.

அனைவரும் என்று கூறுவது எளிது. இதே மண்ணில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பிறர் இரங்கி வார்க்கும்வரை கிணற்றுக்கட்டுக்கு அப்பால் குடத்துடன் காத்து நின்றனர். சாதியின் பெயரால் சமூகக் குறைபாடுகளை விதிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் வந்தபின்னரும் பல கிணறுகள் அவர்களுக்குத் திறக்கவில்லை. (தீட்டுக்கு அஞ்சிக் காத்த அக்கிணறுகளில், காவலர் வீட்டு மலக்குழியே பாறைவழியே கலந்திருக்கவும் கூடும்!) நீரைப் பற்றிய கூட்டம் இனி எந்தக் கிராமத்தில் கூடினாலும், காணியும் கிணறும் இல்லாதவனுக்கு அங்கே ஆசனம் உண்டா என்பதையே நாம் முதலில் கேட்போம்.