தாடியின் விலை

ஒரு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவனிடம் வளர்ந்துகொண்டே இருப்பவை இரண்டு. ஒன்று வயது; மற்றொன்று தாடி. வயது வளர்வதைத் தடுக்க வழியில்லை. தாடியைத் தடுக்க வழி உண்டு. அதனால்தானோ என்னவோ, அதைத் தடுக்காமல் விட்டவனிடம் உலகம் காரணம் கேட்கிறது.

நம் ஊரில் மூன்று நாள் தாடியோடு ஆபீசுக்குப் போகிறவரை, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கிறார்கள். ஒரு வாரம் ஆனால், "பழனிக்கா, திருப்பதிக்கா?" என்று கேட்கிறார்கள். இன்னும் சில நாட்கள் கழிந்தால் குரலைத் தாழ்த்தி, "வீட்டில் ஏதாவது விசேஷமா?" என்கிறார்கள். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் சவரம் செய்துகொள்ளாத வழக்கம் பல குடும்பங்களில் உண்டல்லவா? கல்யாணமாகாத இளைஞனாக இருந்துவிட்டால் கேள்வியே வேண்டாம். சினிமா பார்த்துப் பழகிய கண்கள் அவனுக்கு ஒரு காதல் தோல்வியைத் தாமே கற்பித்துக்கொண்டு இரக்கப்படுகின்றன.

இதிலுள்ள விந்தையைப் பாருங்கள். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, சோப்பு நுரை பூசி, கூரிய பிளேடால் முகத்தைச் சுரண்டிக்கொள்கிறவனிடம், "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று யாரும் கேட்பதில்லை. ஒன்றுமே செய்யாதவன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் செய்கிற காரியத்துக்குக் காரணம் தேவையில்லை. சிலர் செய்வதற்கு வேண்டும் என்பது உலக நியதி போலும். என் முகத்துக்கு நான் யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும்? எப்போது அதைப் பிறருக்காக விட்டுக் கொடுக்கலாம்? எப்போது விட்டுக் கொடுக்கக்கூடாது? விளையாட்டாகத் தோன்றுகிற இந்தக் கேள்விகளுக்குச் சிலர் சிறைவாசத்தால் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு முன், தாடியில் நமக்கு உள்ள பங்கு எவ்வளவு என்று பார்த்துவிடுவோம்.

தாடியை முளைக்கச் செய்வது ஆண்களின் உடலில் மிகுதியாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் முதலிய சுரப்புகள். அந்தச் சுரப்புக்கு முகத்து மயிர்க்கால்கள் எவ்வளவு இணங்குகின்றன என்பதைப் பெரும்பாலும் பரம்பரைதான் முடிவு செய்கிறது. ஆகவே, அடர்ந்த தாடி உடையவன் அதற்காகப் பெருமைப்படுவது, பாட்டனார் சேர்த்து வைத்த சொத்தைத் தான் சம்பாதித்ததாகச் சொல்லிக்கொள்வதற்குச் சமம். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தவன் வெட்கப்படுவதிலும் நியாயம் இல்லை. அடிக்கடி சவரம் செய்தால் மயிர் தடித்து வளரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அமெரிக்க உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928ஆம் ஆண்டிலேயே சிலரைக் கட்டுப்பாட்டுடன் சவரம் செய்துகொள்ளச் சொல்லி அளந்து பார்த்தார். தடிக்கவும் இல்லை, விரைந்து வளரவும் இல்லை. வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் தடித்தது போலக் கைக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

தாடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. பணக்காரனுக்கும் ஏழைக்கும் அதே கணக்குத்தான். அவசரப்படுத்த முடியாது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் கன்னமும் கழுத்தும் அரிக்கும்; தாடி வைக்கத் தொடங்குகிறவர்களில் பலர் அங்கேயே தோற்றுப் போகிறார்கள். மோவாயில் நிறைந்த பிறகும் கன்னத்தில் இடைவெளி தெரியும். இரண்டு மாதமாவது கத்தரியைத் தொடாமல் இருந்தால்தான் நம் முகத்துக்கு எப்படிப்பட்ட தாடி வாய்த்திருக்கிறது என்று தெரியும். அதன் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. மயிரை மட்டுமின்றி அடியிலுள்ள தோலையும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பொடுகு உதிரும். ஈரம் உலர்ந்ததும் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, அகன்ற பல் உள்ள மரச்சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். குரல்வளை மேட்டுக்குச் சற்று மேலே ஒரு வரம்பு கட்டி, அதன் கீழே முளைப்பதை மழித்துவிட வேண்டும். சாப்பிட்ட பின் வாயைத் துடைப்பதிலும் மற்றவர்களைவிட ஒரு பங்கு கவனம் கூடுதலாக வேண்டும்.

ஆக, முளைப்பது பரம்பரையின் செயல். வளர்வது காலத்தின் செயல். பேணுவது ஒன்றே நம் செயல். புகழோ பழியோ நமக்கு உரியதானால் அது அந்த மூன்றாவது பங்குக்கே உரியது. சோம்பலில் வளர்ந்த தாடியும் பேணி வளர்த்த தாடியும் தூரத்தில் ஒன்றுபோல் தெரியலாம். ஆனால் சோம்பலில் வளர்ந்ததை இழக்கும்போது மனம் நோவதில்லை. தினந்தோறும் நாம் கவனம் செலுத்திய பொருள் எதுவானாலும் நம்மோடு ஒட்டிக்கொள்கிறது. துளசி மாடத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிற பெண்ணிடம் கேட்டால் இது விளங்கும்.

ஒட்டிக்கொண்டதைப் பிடுங்க வந்த அரசர் ஒருவர் இருந்தார். ரஷ்யாவின் மகா பீட்டர் 1698ஆம் ஆண்டு மேற்கு ஐரோப்பிய யாத்திரையிலிருந்து திரும்பியதும், தம்மை வரவேற்க வந்த பிரபுக்களின் தாடியைத் தம் கையாலேயே வெட்டினார். நாடு நாகரிகம் அடைய வேண்டுமென்றால் முகம் மேல்நாட்டு முகமாக வேண்டும் என்பது அவர் கருத்து. 1705ஆம் ஆண்டில் தாடிக்கு வரி விதித்தார். பெரிய வியாபாரிக்கு ஆண்டுக்கு 100 ரூபிள். குடியானவன் தன் கிராமத்தில் தாடியோடு இருக்கலாம். நகர வாசலைத் தாண்டும்போதெல்லாம் காசு கொடுக்க வேண்டும். வரி கட்டியவர்களுக்கு மூக்கும் மீசையும் தாடியும் பொறித்த வில்லை ஒன்று கொடுத்தார்கள். அந்த வரி 1772 வரை நீடித்தது. பீட்டரிடம் வேலை பார்த்த ஜான் பெர்ரி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் தாம் கண்ட ஒரு தச்சரைப் பற்றி எழுதியிருக்கிறார். மழிக்கப்பட்ட தாடியைத் தச்சர் தம் மார்புக்குள் பத்திரப்படுத்தியிருந்தார். தாம் இறக்கும்போது அதைச் சவப்பெட்டியில் கூடவே வைக்க வேண்டும், மறு உலகில் புனித நிக்கோலஸிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். பீட்டர் ரஷ்யாவுக்குக் கப்பற்படை தந்தவர், பெரிய மனிதர். ஆனால் அந்தத் தச்சரின் மடியில் இருந்த மயிர்க் கற்றையின் விலை அவருடைய வரிப் பட்டியலில் இல்லை.

அரசர்தான் இப்படிச் செய்வார் என்று எண்ணிவிடக்கூடாது. அக்கம்பக்கத்தாரும் செய்வார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜோசப் பாமர் என்று ஒரு விவசாயி இருந்தார். எல்லோரும் மழித்த முகத்தோடு இருந்த காலத்தில் அவர் நீண்ட தாடி வைத்திருந்தார். பையன்கள் கல்லெறிந்தார்கள். மாதா கோயிலில்கூட அவரை ஒதுக்கினார்கள். 1830ஆம் ஆண்டில் ஒரு நாள் நான்கு பேர் கத்தரியும் சவரக்கத்தியும் சோப்புமாக வந்து அவரைக் கீழே தள்ளினார்கள். அவர் பேனாக்கத்தியை எடுத்துத் தற்காத்துக்கொண்டார். வழக்கு அவர்மீதே வந்தது. அபராதம் கட்ட மறுத்ததால் ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். கடைசியில் அவரை வைத்துக்கொள்வதே சிறை அதிகாரிகளுக்குச் சங்கடமாகி, போய்விடச் சொன்னபோதும் அவர் போகவில்லை. நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்தார்களாம்.

பிறகு காலம் மாறியது. 1860ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கனுக்கு கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி, தாடி வைத்தால் உங்கள் முகம் நன்றாக இருக்கும் என்ற கருத்தில் ஒரு கடிதம் எழுதினாள். அவர் வைத்துக்கொண்டார். பிறகு தேசமே வைத்துக்கொண்டது. பாமர் 1873ஆம் ஆண்டில் இறந்தபோது அவரைப் போன்ற தாடி தெருவுக்குத் தெரு தென்பட்டது. அவருடைய கல்லறையில் தாடியுள்ள முகத்தைச் செதுக்கி, தாடி வைத்ததற்காகத் துன்புறுத்தப்பட்டவர் என்று பொறித்திருக்கிறார்கள்.

பாமர் நமக்குக் காட்டுவது இதுதான். பிறருக்குத் தீங்கு இல்லாத ஒன்றை, பிறருக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் விட்டுவிட வேண்டியதில்லை. அப்படியானால் தாடிக்காரர்கள் எல்லாம் வீரர்களா? அவசரப்பட வேண்டாம். தாடியால் துன்பப்பட்டவர்கள் உண்டு. தாடியால் பிழைத்தவர்களும் உண்டு.

இரண்டாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் ஹெரோடஸ் அட்டிகஸ் என்ற செல்வர் இருந்தார். ஏறக்குறைய இடுப்புவரை தாடி தொங்க, மேலங்கி போர்த்த ஒருவன் அவரிடம் வந்து ரொட்டிக்குக் காசு கேட்டான். நீ யார் என்று அவர் விசாரித்தார். பார்த்தால் தெரியவில்லையா, நான் தத்துவஞானி என்று அவன் சீறினான். தாடியும் அங்கியும் கண்ணுக்குத் தெரிகின்றன, ஞானியைத்தான் இன்னும் காணவில்லை என்று ஹெரோடஸ் பதில் சொன்னதாக ஆலஸ் கெல்லியஸ் என்னும் ரோமானிய எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். திருவள்ளுவரின் கூடாவொழுக்க அதிகாரத்தைப் படித்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. கதையின் பிற்பகுதிதான் எனக்குப் பிடித்தது. அவன் போக்கிரி என்று கூட இருந்தவர்கள் சொன்ன பிறகும், நாம் மனிதர்களாக இருப்பதால் கொடுப்போம் என்று சொல்லி, 30 நாள் ரொட்டிக்கான காசைக் கொடுத்தனுப்பினார் ஹெரோடஸ். தாடிக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, பசிக்குக் கிடைத்தது. தாடியைப் பார்த்து வெறுக்காமல் இருப்பது எவ்வளவு அவசியமோ, அதைப் பார்த்து வணங்காமல் இருப்பதும் அவ்வளவு அவசியம்.

இத்தனை தூரம் வந்துவிட்டு, எல்லாவற்றையும்விடக் கடினமான நிகழ்ச்சியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சீக்கியர்களுக்குக் கேசம் வெறும் அலங்காரம் அல்ல. 1699ஆம் ஆண்டு குரு கோவிந்த சிங் கால்சாவை நிறுவினார். அதன் ஐந்து அடையாளங்களில் வெட்டாத கேசமும் ஒன்று, சீப்பும் ஒன்று. வளர்ப்பதோடு நிற்காமல் வாரிப் பேணுவதும் அங்கே கடமை. 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது, கனடாவில் மான்ட்ரியால் நகரத்தில் சீக்கியச் சகோதரர்கள் இருவர் டாக்டர்களாக இருந்தார்கள். நோயாளியின் அருகே நிற்பதற்கு முகத்தோடு இறுக ஒட்டும் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அது ஒட்டாது, காற்று கசியும். தொற்று நோயாளிகளைப் பார்க்காமல் அவர்கள் ஒதுங்கியிருக்கலாம். குடும்பத்தாரையும் சமயப் பெரியவர்களையும் கலந்து, மனத்தோடு போராடி, இருவரும் தாடியை மழித்துக்கொண்டு நோயாளிகளிடம் போனார்கள்.

பாமர் சிறை புகுந்தும் மழிக்க மறுத்தார். இவர்கள் யாரும் கட்டிப்போட்டுச் சிரைக்காமலே மழித்துக்கொண்டார்கள். இருவரில் யார் செய்தது சரி? இரண்டும் சரி என்றே நான் சொல்வேன். நான்கு பேருடைய கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவர் தம் முகத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. மூச்சுக்குத் தவிக்கிற ஒருவனுக்காகக் கொடுக்கலாம், கொடுப்பது உயர்வு. ஆனால் அந்த உயர்வு கொடுப்பவரின் மனத்தில் பிறக்க வேண்டும். "அவர்கள் கொடுத்தார்களே, நீ ஏன் கொடுக்கவில்லை?" என்று இன்னொருவர் கேட்கத் தொடங்கிவிட்டால் தியாகம் வரியாகிவிடும். பீட்டரின் வில்லைக்கும் அதற்கும் பிறகு வேற்றுமை இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. அதே 2020ஆம் ஆண்டில், தாடியை மோவாய்க்குக் கீழிருந்து இழுத்துக் கட்டும் மீள்துணி ஒன்றைப் போட்டு, அதன்மேல் கவசம் அணியும் முறையை மருத்துவ ஏடு ஒன்றில் விளக்கி எழுதினார்கள். சீக்கியர்கள் தாடியைப் படிய வைக்கக் கட்டிக்கொள்ளும் தாட்டாத் துணியின் வழியில் வந்தது அது. சோதித்துப் பார்த்தபோது பலருக்குக் காற்று கசியாமல் நன்றாகவே அடைத்தது. அந்தச் சகோதரர்களின் தியாகம் இதனால் சிறியதாகிவிடவில்லை. அவர்கள் முன் நோயாளி காத்திருந்தார். ஆனால் பிறரிடம் விட்டுக் கொடுக்கும்படி கேட்கிற நிலையில் இருப்பவர்களுக்கு, அதாவது ஆபீசுக்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும் தலைவர்களாக இருப்பவர்களுக்கு, இதில் ஒரு வேலை இருக்கிறது. விடு என்று சொல்வதற்கு முன், விடாமலே காரியம் நடக்க வழி உண்டா என்று அவர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

லீவுக்கு ஊர் வரும் மகன் தாடியோடு வாசலில் வந்து நிற்கலாம். அவனிடம் காரணம் கேட்க நாக்குத் துடிக்கும். முதலில் கை கால் கழுவச் சொல்லி, இலை போட்டுச் சோறு பரிமாறுங்கள். காரணம் என்று ஒன்று இருந்தால் அவனே சொல்வான். இல்லாவிட்டால், ஒரு மரச்சீப்பு வாங்கிக் கொடுங்கள்.