பத்தாம் ஆண்டின் சாட்சிகள்

ஒரு வண்டியின் குறைகளை அறிய, அலுத்துப்போய் விற்றவரைவிடப் பதினைந்து ஆண்டு வைத்து ஓட்டியவரிடம் கேட்பதே நல்லது. குறையைத் தெரிந்துகொண்டே வண்டியோடு வாழ்ந்தவர் அவர்.

அமெரிக்காவில் டொயோட்டா டகோமா பிக்கப் 1995-இல் விற்பனைக்கு வந்தது. அந்த முதல் தலைமுறை வண்டியை இன்னும் வைத்திருப்பவர்கள் 3.4 லிட்டர் வி6 என்ஜினைக் குறைசொல்வது அரிது. நேரத்துக்கு ஆயில் மாற்றினால் மூன்று லட்சம் மைல் ஓடும் என்பார்கள். ஆனால் இரண்டு இடங்களைக் காட்டி எச்சரிப்பார்கள். ஒன்று, முன்சக்கரத்தின் கீழ்ப் பால் ஜாயிண்ட். வண்டியின் எடை அந்த மூட்டை அழுத்தி இறுக்குவதில்லை, பிரித்து இழுக்கிறது. தேய்ந்து கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி தரை தட்டிவிடும்.

இன்னொன்று வண்டியின் அடிச்சட்டமான சேஸ். வட மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். உப்புச் சேறு சேஸின் மூடிய பகுதிகளுக்குள் புகுந்து தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளிப்பூச்சு நன்றாகத் தெரியும்போதே இரும்பு சல்லடையாகியிருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பழைய டகோமாவை வாங்கும் முன் கீழே படுத்து, சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் சேஸுக்குள் எண்ணெய் பீய்ச்சுகிறார்கள்.

துருத் தடுப்பு போதவில்லை என்பது 2008-இல் நிறுவனத்தின் நடவடிக்கையிலேயே வெளிப்பட்டது. 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளின் சேஸுக்கு உத்தரவாதத்தை 15 ஆண்டாக நீட்டியது. மிக மோசமானவற்றை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. அடுத்த தலைமுறையிலும் அதே புகார் எழுந்தது, வழக்கானது. 2016-இல் ஏற்பட்ட சமரசம் டகோமாவோடு வேறு இரண்டு மாடல்களையும் சேர்த்துச் சுமார் 15 லட்சம் வண்டிகளைத் தழுவியது. அதன் மதிப்பு 340 கோடி டாலர்வரை போகலாம் என்று கணிக்கப்பட்டது.

இந்தத் துரு வண்டித் தர ஆய்வுகளின் கண்ணில் படுவதில்லை. பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஜே.டி. பவர் நிறுவனத்தின் ஆய்வுகளில் ஒன்று முதல் 90 நாள்களின் பழுதுகளை எண்ணுகிறது, மற்றொன்று மூன்றாண்டு ஆன வண்டியின் முதல் உரிமையாளரைக் கேட்கிறது. துரு அந்தக் காலத்துக்குள் முகம் காட்டுவதில்லை. அது காட்டும்போது வண்டி பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கைக்கு மாறியிருக்கும். புதிது வாங்க முடியாத தச்சரோ சிறு விவசாயியோ வைத்திருப்பார். குறையைப் புகுத்தியவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர்.

இந்த அநீதியைச் சொல்லத் தகுந்த சாட்சிகள் நெடுநாள் உரிமையாளர்களே. அவர்கள் சொல்வதைப் பழைய வண்டிக்காரரின் புலம்பல் என்று தள்ளக் கூடாது. பத்தாம் ஆண்டில் சேஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டு, அந்தப் பதிலை அடுத்த வண்டியின் வரைபடத்தில் சேர்ப்பது தயாரிப்பாளரின் கடமை. நெடுங்காலம் உழைக்கும் என்று சொல்லி விற்றவர், அந்த நெடுங்காலம் முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.