கல்லில் பதியாதவை

ஆவிகளைத் தேடி அலைகிற மேல்நாட்டுக்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல்லின் மேல் தனி நம்பிக்கை உண்டு. பழைய மாளிகையில் நள்ளிரவில் படியேறும் காலடிச் சத்தம், தினமும் ஒரே நேரத்தில் கூடத்தைக் கடந்து சுவருக்குள் மறையும் பெண் உருவம், இவையெல்லாம் ஆவியின் வேலையல்ல என்பார்கள். என்றோ அங்கே நடந்த கொடுமையைச் சுவரிலிருந்த கல் உள்வாங்கிக்கொண்டதாம். அதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டுகிறதாம். அந்த உருவம் நம்மைப் பார்க்காது, கூப்பிட்டாலும் திரும்பாது. சினிமாச் சுருளுக்குக் கொட்டகையில் யார் உட்கார்ந்திருந்தால் என்ன? இப்படிப் பதிவுசெய்யும் திறன் சுண்ணாம்புக்கல்லுக்கும் குவார்ட்ஸுக்கும் அதிகம் என்பது அவர்கள் கணக்கு.

இது மட்டும் உண்மையென்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் தூங்க முடியாது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைத்தான் கல்லங்குறிச்சியிலும் ரெட்டிப்பாளையத்திலும் கோவிந்தபுரத்திலும் வெடிவைத்துத் தோண்டி, அரைத்து, சூளையில் சுட்டு, சிமெண்டாக்கி லாரி லாரியாக அனுப்புகிறார்கள். நம் படுக்கையறைச் சுவரில் பூசியிருப்பது அதுவாகவும் இருக்கலாம். டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த சேறும் சிப்பியும்தான் அந்தக் கல். இத்தனை கோடி வருடத்துச் சத்தத்தில் ஒரு துளி பதிந்திருந்தால்கூட கிரகப்பிரவேசத்தன்றே அலைச்சத்தம் கேட்டிருக்கும்.

கல் வேறொன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஓர் ஓடையோரம் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய மரம் என்கிறார்கள். அடித்து வரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்த அந்த மரத்துக்குள், மண்ணில் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா இறங்கி, மட்கிப்போகும் மரத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டது. அந்த மரம் சாய்ந்த நாளில் புயலா வெள்ளமா, எது அதைச் சாய்த்தது என்று கல்லைக் கேட்டால் பதில் வராது. உடம்பை வைத்துக்கொண்டது, நிகழ்ச்சியை விட்டுவிட்டது.

ஒலி கல்லில் பதிவதற்குள்ள சிக்கலை டேப் ரெக்கார்டரைப் பிரித்துப் பார்த்த எந்த மெக்கானிக்கும் சொல்வார். நாடா ஒரே வேகத்தில் ஓட வேண்டும், அதில் காந்தத் துகள் இருக்க வேண்டும், எழுதவும் படிக்கவும் ஒரு ஹெட் வேண்டும். சுவர் ஓடுவதில்லை. ஆனாலும் இந்த எண்ணம் சாகவில்லை. பேசிய ஒவ்வொரு சொல்லும் காற்றில் அசைவாக என்றென்றைக்கும் தங்கியிருக்கும் என்று 1837இல் எழுதியவர், கணிப்பொறியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ். இடங்கள் உணர்ச்சிகளைப் பதிந்து வைத்துக்கொள்ளும் என்று 1961இல் எழுதினார் ஆங்கிலேயத் தொல்லியலாளர் டி.சி. லெத்பிரிட்ஜ். பி.பி.சி. 1972 கிறிஸ்துமஸ் அன்று ஒளிபரப்பிய 'தி ஸ்டோன் டேப்' நாடகத்திலிருந்துதான் இந்தக் கொள்கைக்குப் பெயரே வந்தது. கணக்குப்போடும் இயந்திரத்தை வடிவமைத்தவருக்கு உலகமே கணக்கேடாகத் தெரிந்தது. டேப் வந்த காலத்துக்குச் சுவரெல்லாம் டேப்.

எனக்கு இதில் உறுத்துவது அறிவியல் ஓட்டை அல்ல. இந்தப் பேய்க்கு எதுவும் வேண்டாம் என்பதுதான். நம் ஊர்ப் பேய் அப்படியா? ஒருத்தி மேல் இறங்கும், அழும், இன்னார் எனக்கு இன்னது செய்தார் என்று ஆள் பெயரோடு சொல்லும், சேலை கேட்கும், கோழி கேட்கும். கோடாங்கி உடுக்கையடித்து அதனோடு பேரம் பேசுவார். அநியாயமாகச் செத்தவரைக் கும்பிட்டுச் சாமியாக்கி ஊரெல்லையில் உட்காரவைக்கிற வழக்கமும் நமக்கு உண்டு. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன் அப்படி வந்த தெய்வம்தான். இதையெல்லாம் நம்பச் சொல்லவில்லை. பெண்களைச் சாட்டையால் அடித்துப் பேயோட்டும் கொடுமையையும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் செத்தவருக்கு ஒரு வழக்கு இருக்கிறது, இருப்பவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. கல் சினிமாவில் அது இல்லை. பார்த்துவிட்டு எழுந்து போகலாம்.

அப்படிப் பதில் கேட்கும் சாவுகள் அந்தச் சுண்ணாம்புக்கல் ஊர்ப் பக்கமே நடந்திருக்கின்றன. பல்லவன் எக்ஸ்பிரஸில் திருச்சிக்குப் போகும்போதெல்லாம் அரியலூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். கல்லகத்துக்கு முன்னால் மருதையாறு வரும். பெரும்பாலும் மணலும் முள்ளும்தான், தண்ணீர் அபூர்வம். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அப்படி இல்லை. அடைமழையில் ஆறு பெருகி, பாலத்தை ஒட்டிய கரையை அரித்துவிட்டிருந்தது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸின் எஞ்சினும் முன்பெட்டிகளும் வெள்ளத்தில் கவிழ்ந்தன. பயணிகள் தூக்கத்தில் இருந்த நேரம். சுமார் 150 பேர் இறந்தார்கள்.

அதே ஆண்டு மகபூப்நகரில் ஒரு பாலம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனை அரியலூரோடு சேர்த்து எதுகை மோனையில் கேலிசெய்த தி.மு.க. முழக்கம் 1957 தேர்தலில் சுவருக்குச் சுவர் ஏறியது. அழகேசன் அந்தத் தேர்தலில் தோற்றார். சுவர் பேசியதென்றால் அப்போதுதான் பேசியது, அதுவும் சுண்ணாம்பும் காவியும் குழைத்து யாரோ எழுதியதால்.

திரும்பத் திரும்ப ஓடும் காட்சி என்று ஒன்று உண்மையிலேயே இங்கே உண்டு. நாட்டில் எங்கே ரயில் கவிழ்ந்தாலும் அன்று மாலையே அது ஆரம்பித்துவிடும்: "அரியலூர் விபத்துக்குச் சாஸ்திரி ராஜினாமா செய்தாரே, இவர் செய்வாரா?" 2023இல் பாலசோர் ரயில் விபத்துக்கு அடுத்த நாளும் கேட்டது. கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தக் காட்சியில் மருதையாறு இல்லை, மழை இல்லை, பெட்டிக்குள் இருந்தவர்கள் இல்லை. ராஜினாமாக் கடிதம் ஒன்றுதான் ஓடுகிறது. செத்த 150 பேரில் ஒருவர் பெயரை இன்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? எதிரொலி நடந்ததைச் சொல்வதில்லை, யாருக்கு எடுத்துச்சொல்ல ஆள் இருந்ததோ அவரைச் சொல்கிறது. மேடையிலும் பத்திரிகையிலும் பேச ஆளிருந்தவர் அமைச்சர். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் தலைமாட்டில் டிரங்குப் பெட்டி வைத்துத் தூங்கியவருக்கு வீட்டார் மட்டும்தான்.

அந்த வீட்டார் வைத்திருக்கும் கணக்கு நவம்பர் 23 அல்ல. கார்த்திகை மாதத் தேய்பிறைத் திதி. ஆங்கிலத் தேதியோடு ஒட்டாமல் ஒவ்வொரு வருடமும் வேறொரு நாளுக்கு நகரும். அன்று அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, காக்கைக்கு வைத்து, பார்த்தேயிராத பேரப்பிள்ளைகளுக்கு "தாத்தா தூத்துக்குடி வண்டியில் போனவர்" என்று சொல்லியிருப்பார்கள். எத்தனை வீட்டில் இன்னும் சொல்கிறார்களோ. மூன்றாவது தலைமுறையில் இது நின்றுவிடுவதும் இயல்புதான். அதற்காக யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நினைவென்பது வேலை, சமைக்கவும் சொல்லவும் ஆள் வேண்டிய வேலை. கல்லிடம் அதை ஒப்படைத்துவிட்டால் நமக்கு ஓய்வு கிடைக்கும் என்பதால்தான் கல் பேசுகிறது என்பதை நம்ப அத்தனை ஆசைப்படுகிறோமோ என்னவோ.

நின்றுபோன வீடுகளுக்கும் நம் முன்னோர் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். மகாளயபட்சத்தில் சதுர்த்தசி, விபத்திலும் ஆயுதத்திலும் அகாலமாகச் செத்தவர்களுக்கு என்று ஒதுக்கிய நாள். தர்ப்பணத்தின் முடிவில், பெற்றவரோ சுற்றமோ இல்லாதவர்களுக்கென்று ஒரு கை எள்ளுந்தண்ணீர் விடுவதும் உண்டு. எனக்கு மந்திரத்தில் ஈடுபாடு கிடையாது. ஆனாலும் அந்த ஒரு கைத் தண்ணீரை, முன்பின் தெரியாத அந்த 150 பேருக்கு விடுவதில் எனக்குத் தயக்கமில்லை.